மகளுக்காகக் கட்டிய முக்கோண வண்டி

பச்சை நிற வோல்வோ ஒன்று, முதுகில் சிவப்பு முக்கோணத்தை மாட்டிக்கொண்டே, ஆற்றோரச் சாலையில் பள்ளிப் பேருந்தை முந்திக்கொண்டு பறந்ததாம். வெள்ளிக்கிழமை காலைக் காப்பி நேரத்தில் யோத்தே இதைச் சொன்னான். அவனும் நேரில் பார்த்தவனில்லை. கடையில் பணம் கட்ட வரிசையில் நின்றபோது அவன் மனைவியிடம் யாரோ சொன்னார்கள். அந்த யாரோவுக்குப் பேருந்து ஓட்டுகிறவளே சொன்னாளாம்.

"முப்பதுல போகவேண்டியது எண்பதுல போச்சாம். பஸ்ஸுக்குள்ள இருந்த பசங்க எல்லாம் கை தட்டினாங்களாம்," என்றான் யோத்தே, இலவங்கப்பட்டை போட்ட பன்னைப் பிய்த்துக்கொண்டே.

"என்ன வண்டி?" என்று கேட்டாள் சீவ். அவர்கள் வேலை செய்த வாகனப் பரிசோதனை நிலையத்தின் பொறுப்பாளர் அவள்தான்.

"பழைய ஸ்டேஷன் வேகன். பச்சை. நம்ம பக்கத்துல பச்சையா ஏகப்பட்டது இருக்குமே."

ஏகப்பட்டது இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யோத்தேவுக்கும் தெரியும், சீவுக்கும் தெரியும். அதைக் கட்டியவன் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து காப்பியை ஊதிக்கொண்டிருந்தான். யாரும் ரூனேவின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஊரில் ஒருவனைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார்கள். சீவ் நெடுநேரம் ஜன்னலைப் பார்த்தாள்.

ரூனே அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்தவன். ஸ்வீடனின் வடக்கே அந்த வட்டாரத்தில் அவனுக்குச் சுத்தியல் ரூனே என்று பெயர். வண்டியின் அடிவயிற்றில் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டித் துருவைக் கண்டுபிடிப்பான். அவனிடம் மாட்டக்கூடாதென்று அடுத்த ஊர் நிலையம்வரை வண்டியை ஓட்டிப் போகிறவர்கள் உண்டு. அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். மனைவி அனெலி பிரிந்து போகும்போதுகூட, "நீ என்னையும் தட்டித் தட்டித்தான் பார்த்த," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு மகள் டில்டா ஒரு வாரம் ஊருக்குள் அம்மா வீட்டிலும், மறு வாரம் ஆற்றுக்கு மேலே காட்டோரத்தில் அப்பா வீட்டிலுமாக வளர்ந்தாள்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது வண்டி கேட்டாள். அந்த நாட்டுச் சட்டப்படி அந்த வயதில் காரைக் காராக ஓட்ட முடியாது, டிராக்டராக ஓட்டலாம். அதனால் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பழைய காரை டிராக்டராக மாற்றுவார்கள். பின் இருக்கையைக் கழற்றிப் போட்டு, பின்கதவு இருந்த இடத்தில் சரக்குத் தட்டு வைத்து, முப்பதுக்கு மேல் ஓடாதபடி வேகத்தைப் பூட்டி, மெல்லப் போகும் வண்டி என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய சிவப்பு முக்கோணத்தை மாட்டுவார்கள். ரூனேவும் பனிக்காலம் முழுக்க மகளோடு கொட்டகையில் அதைச் செய்தான். அவள் பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். பச்சை வண்ணம் அவள் தேர்வு. பேசாமல் வேலை செய்துகொண்டே ஒருவருக்கொருவர் ஸ்பேனரை நீட்டிய அந்த மாதங்களைப் போல அவன் வாழ்க்கையில் சுகமான காலம் வேறு இருந்ததில்லை. சொந்த வண்டியைத் தானே சோதிக்கக் கூடாதென்பதால் யோத்தேதான் அதைச் சோதித்தான். "சுத்தியல் ரூனே கட்டின வண்டியில நான் தப்பு கண்டுபிடிச்சா எனக்குச் சம்பளம் ஏத்தணும்," என்று சொல்லி முத்திரை குத்தினான். அன்று வண்டியில் ஒரு தப்பும் இருக்கவில்லை.

தப்பு அதற்குப் பிறகு வந்தது. டில்டா முதன்முதலாக ஆற்றோரச் சாலையில் ஓட்டியபோது ரூனே தன் காரில் பின்னால் போனான். இரண்டு வீட்டுக்கும் இடையில் அந்தச் சாலை ஒன்றுதான். மரம் ஏற்றிய லாரி ஒன்று பின்னாலிருந்து வந்து அவனையும் தாண்டி, பச்சை வண்டியின் முதுகை ஒட்டிக்கொண்டு ஹாரனை அழுத்திப் பிடித்தது. டில்டா பயந்து ஓரத்துக்கு ஒதுங்க, சக்கரம் சரிவில் இறங்கி மண்ணை வாரி இறைத்தது. அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளே ரூனே ஸ்டியரிங்குக்குக் கீழே, கைக்கு மட்டும் தெரியும் இடத்தில் ஒரு சுவிட்சை வைத்தான். அதைத் தட்டினால் வேகப் பூட்டு திறந்துகொள்ளும்.

"லாரி வந்தா மட்டும்," என்றான் மகளிடம். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

மூச்சு வெளியே போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பரிசோதகனே பூட்டைத் திறந்தான் என்றால் வேலை போகும். வேலையைவிட, சுத்தியல் ரூனே என்ற பெயர் போகும். சுவிட்சு இல்லையென்றாலோ, டில்டா அந்தச் சாலையில் அவன் வீட்டுக்கு வருவாளா என்பதே சந்தேகம்.

இப்படியிருக்க, சில வாரங்களுக்கு முன் விடார் என்ற பையன் தன் முக்கோண வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவந்தான். ரூனே குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டான். விட்ட இடத்திலேயே சுவிட்சு அகப்பட்டது. பையன் வாயைப் பிளந்தான். "எப்படி இவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிச்ச?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாததால் ரூனே பிரசங்கம் செய்தான். சட்டம் யாருக்காக, உயிர் யாருடையது, அப்பா அம்மா என்ன வளர்த்தார்கள் என்றெல்லாம் கூடத்தில் காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினான். தானே ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகப் பேசினான். பையனின் காதுகள் சிவந்துபோயின. வண்டிக்கு ஓட்டத்தடை போட்டு அனுப்பினான்.

அந்த வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் ரூனே நேரே வீட்டுக்குப் போனான். அது டில்டா அவன் வீட்டில் இருக்கும் வாரம். வெள்ளிக்கிழமை மாலை என்றால், இறைச்சியை அப்பத்தில் மடித்துத் தின்னும் டாக்கோதான். எல்லா வீட்டிலும் அதேதான். அவள் பாலாடைக்கட்டியைத் துருவிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸ முந்தினியா?"

அவள் உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள். அந்தப் பக்கத்தில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

"லாரி வந்தா மட்டும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. லாரி வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டா லாரித் தொல்லையே இல்லல்ல."

"விளையாடாத, டில்டா."

"யாருப்பா விளையாடறா? விடாருக்கு அன்னிக்குக் கணக்குப் பரீட்சை. நேரமாயிடுச்சு. அவன் வண்டிய நீதானே நிறுத்தின? அதான் தினமும் நான் ஏத்திட்டுப் போறேன்."

"பஸ் இருக்குல்ல?"

"அவங்கம்மா ஓட்டற பஸ்ஸுல போக எவனுக்குப் பிடிக்கும்?"

ரூனே நாற்காலியில் உட்கார்ந்தான். பேருந்து ஓட்டுகிறவள் விடாரின் அம்மா மாரித் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பையனை வண்டியோடு நிறுத்தியவனின் வண்டியில் அதே பையன் போவதை அவள் பேருந்துக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, பச்சை வண்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"விடார் அந்தச் சுவிட்ச பார்த்தானா?"

"மொத நாளே."

"என்ன சொன்னான்?"

டில்டா துருவுவதை நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் சிரிச்சான். அப்புறம் சிரிக்கல. 'என்னோடத விட உங்கப்பா வேலை சுத்தமா இருக்கு'ன்னான்."

ரூனே சாப்பிடவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சுவிட்சைப் பிடுங்கி, வயர்களைப் பழையபடி பூட்டோடு இணைத்து, மிச்சமாகத் தொங்கிய இரண்டு முனைகளுக்கும் டேப் சுற்றினான். டில்டா வாசலில் வந்து நின்றாள்.

"அப்ப லாரி வந்தா?"

"ஓரமா ஒதுங்கி வழி விடணும். எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் போவுதுங்க."

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் நீ சுவிட்சு வெச்சுக் குடுக்கலியே. எனக்கு எதுக்கு வெச்ச?"

அவன் டேப்பைக் கருவிப்பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"நான் அம்மா வீட்டுலயே இருந்துடறேன்னா என்ன செய்வ?"

"தெரியல," என்றான் ரூனே.

அவள் சாவியை அவன் பக்கம் வீசினாள். "நீயே ஓட்டிப் பாரு. போயிட்டு வந்து சொல்லு."

அவன் மாரித்தின் வீட்டுப் பக்கமாக ஓட்டினான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கண்ணாடியில் அவள் மாட்டியிருந்த பஞ்சுப் பகடைகள் மூக்குக்கு நேரே ஆடின. முப்பதில் போகும்போது சாலையோரத்து ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் எழுதியிருந்த பெயரைப் படிக்க முடிந்தது. எல்லாப் பெயர்களும் அவனிடம் எப்போதாவது வண்டியைக் காட்டித் திட்டு வாங்கியவர்களின் பெயர்கள்.

மாரித்தின் முற்றத்தில் விடாரின் வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. அவள் கதவைத் திறந்து, பச்சை வண்டியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லாம கொள்ளாம ஒருத்தர் வந்து நின்னா, யாரோ செத்துட்டாங்கன்னுல்ல தோணுது."

"மாரித், அந்தச் சுவிட்ச வெச்சது நான்."

"தெரியும்."

"ஏன் என் பேரச் சொல்லல?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. என் பையனும் உள்ள உக்காந்திருந்தானே." அவள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள். "நீ தடை போட்டதுல எனக்குக் கோவமே இல்ல, ரூனே. போடத்தான் வேணும். அந்தப் பிரசங்கம் எதுக்கு? அதுவும் அத்தன பேர் முன்னாடி. அன்னிக்கு அவன் வீட்டுக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'ரூனே சொல்றது சரிதாம்மா, லாரிக்குப் பயந்து நான்தான் தப்பு பண்ணிட்டேன்'னான்."

ரூனே தன் காலணிகளைப் பார்த்தான். லாரிக்குப் பயந்து. பையன் அன்று அதைச் சொல்ல வாயெடுத்தது இப்போது நினைவுக்கு வந்தது. பிரசங்கத்தின் நடுவில் அதற்கு இடம் இருக்கவில்லை.

"அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"கேளேன். இங்கதான் நிக்கிறான்."

விடார் காலுறையோடு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். அரும்பு மீசை, கையில் பாதி தின்ற டாக்கோ. ரூனே மனத்துக்குள் தயாரித்து வந்த வாக்கியம் அவனைக் கண்டதும் உடைந்துபோனது.

"நான் அன்னிக்குப் பேசினது... என் வண்டியிலயும் அதே இடத்துல இருந்துச்சு. அதனாலதான் கை உடனே அங்க போச்சு."

"ம்," என்றான் பையன். பிறகு வெளியே எட்டிப் பார்த்தான். "முப்பதுலயா வந்த?"

"முப்பதுலதான். பிடுங்கிட்டேன்."

"பின்னாடி ஏதாவது வந்துச்சா?"

"இல்ல."

"வரும்," என்றான் விடார். அதில் கேலி இல்லை.

"சீவ்கிட்ட சொல்லப் போறியா?" என்று மாரித்திடம் கேட்கும்போதே ரூனேவுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"நான் பஸ் ஓட்டறவ. எனக்கென்ன வந்துச்சு? பச்சை வண்டின்னு சொன்னேன், அதோட முடிஞ்சுது. நீ சொல்றதும் சொல்லாததும் உன் பாடு."

அவள் கதவைச் சாத்தினாள்; அடித்துச் சாத்தவில்லை. காப்பி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் எந்த வீட்டு வாசலிலும் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் அவன் திரும்பியதில்லை. அனெலி பிரிந்துபோன அன்றுகூட அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

திரும்பும் வழியில் லாரி வந்தது.

முதலில் கண்ணாடியில் வெளிச்சம் நிறைந்தது. பிறகு ஹாரன். வண்டியின் தகடே அதிர்ந்தது. ரூனேவின் வலது கால் தரைவரை அழுத்தியும் வண்டி அதே முப்பதில் முக்கிக்கொண்டு போனது. கை தானாக ஸ்டியரிங்குக்குக் கீழே போய்த் தேடியது. டேப் சுற்றிய இரண்டு வயர் முனைகள் விரலில் பட்டன. இந்தப் பயத்தைத்தான் மகளுக்கு மிச்சப்படுத்த நினைத்தான். இதே பயத்துக்காகத்தான் இன்னொருத்தி பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டான்.

பேருந்து நிற்க விட்டிருந்த ஒதுக்கிடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். லாரி கடந்தது. அதன் பின்னால் சேர்ந்துவிட்ட கார்களும் ஒவ்வொன்றாகக் கடந்தன. வழி விட்ட சின்னப் பிள்ளைக்கு நன்றி சொல்வதுபோல லாரிக்காரன் இரண்டு பக்க விளக்கையும் மாற்றி மாற்றிச் சிமிட்டிவிட்டுப் போனான். அடுத்து வந்த காரில் இருந்தவள் வண்டிக்குள் யார் என்று குனிந்து பார்த்தாள். நரைத்த தலையைக் கண்டதும் சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

டில்டா வீட்டில் காத்திருப்பாள். போய் என்ன சொல்வது? ஓட்டிப் பார்த்தேன், பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் நீ இப்படித்தான் வர வேண்டும் என்றா? நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்றா? இரண்டில் எதைச் சொன்னாலும், அதற்கு முன் சொல்லித் தீர வேண்டியது வேறொன்று இருந்தது. திங்கட்கிழமைவரை வைத்திருந்தால் அதற்குள் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துவிடுவான். அவன் எவ்வளவு நன்றாகப் பேசக்கூடியவன் என்று அவனுக்கே தெரியும்.

செல்பேசியை எடுத்தான். வெள்ளிக்கிழமை மாலை வேலை விஷயமாக யாரும் யாரையும் அழைப்பதில்லை. அப்படி அழைத்தாலே ஏதோ ஆகிவிட்டது என்று சீவுக்குப் புரிந்துவிடும். அவள் பெயரை அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டான்.

மணி போய்க்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக மனத்தில் வைத்திருந்தான். அதில் லாரி வரவில்லை, பயம் வரவில்லை, மகள் வரவில்லை. சுவிட்சை வைத்தது நான், அவ்வளவுதான். இன்னொரு கார் வெளிச்சத்தை அவன் மேல் வீசிவிட்டுக் கடந்தது. ரூனே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.