கத்தரிச் செடியில் காய்த்த தக்காளி

ஆரணியில் கரண்ட் ரீடிங் எடுக்கிற நெடுஞ்செழியனைத் தெரியாத வீடு குறைவு. இருபத்து மூன்று வருட வேலையில், மீட்டரைக் கண்ணால் பார்க்காமல் அவர் ஓர் எண்கூட எழுதியதில்லை. ஒரு வீட்டில் மீட்டருக்கு முன்னால் பீரோ நின்றது. தனியாளாக அதை நகர்த்தி, ரீடிங் எடுத்து, பீரோவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வந்தார்.

அப்படிப்பட்டவர் போன கார்த்திகையில் மொட்டை மாடியில் ஐந்து பெயிண்ட் வாளிகளில் தக்காளி வைத்தார். ஆறாவது வாளியில் மனைவி கனிமொழி கத்தரி வைத்தாள். தை கடைசியில் முதல் தக்காளி சிவந்ததும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். முப்பத்திரண்டு பேர் கைகூப்பினார்கள். அந்த வேகத்தில், மாசி இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தம் வீட்டு மாடியில் தக்காளி விழா, குடும்பத்தோடு வந்து சிறப்பிக்கவும் என்று அழைப்பும் அனுப்பிவிட்டார்.

யார் வரப்போகிறார்கள் என்று கனிமொழி இருந்துவிட்டாள். புதன்கிழமைக்குள் நாற்பத்தொரு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வந்தவாசிக்காரர்கள் வேன் பேசிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நெடுஞ்செழியன் மாடிக்குப் போய்ப் பழங்களை எண்ணினார். ஏழு இருந்தன. மறுபடி எண்ணினார், ஏழுதான். ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தால் போதும் என்று கத்தியைச் சாணை பிடித்து வைத்தார்.

கனிமொழியின் தம்பி அன்புச்செல்வன் பட்டுத்தறி போட்டிருப்பவன். இத்தனை பேருக்கு முன்னால் மாமாவின் மானம் போய்விடுமே என்று அவனுக்குக் கவலை. ஞாயிறு காலை மாமா வாழையிலை வாங்க மார்க்கெட் போன நேரம் பார்த்து, இரண்டு கூடைத் தக்காளியோடும் கொஞ்சம் பட்டு நூலோடும் மாடி ஏறினான். தறியில் அறுந்த பாவு இழையை முடிச்சுப் போடுகிற விரல்கள் அவனுக்கு. கிளை தாங்காத இடத்தில் குச்சி ஊன்றி, ஒன்றரை மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் கட்டிவிட்டான். முடிச்சு கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் அவனுக்குத் தறி தெரியும், செடி தெரியாது. ஆறு வாளியிலும் கட்டிவிட்டான்.

பத்து மணிக்கு உறவினர்களைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறிய நெடுஞ்செழியன் கடைசிப் படியில் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர் முதுகில் மோதினார்கள். செடிகள் சிவப்பாக இருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கத்தரிச் செடியைப் பார்த்தார். நாலு ஊதாப் பூக்களுக்கு நடுவில் பதினெட்டுத் தக்காளிகள்.

படவேட்டு அத்தை காசியம்மாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடமாகத் தக்காளி பயிரிடுகிறவள். குனிந்து இலையைத் தடவிப் பார்த்தாள்.

"செழியா, இது கத்தரிச் செடிதானே?"

"ஆமா அத்தை."

"இதுக்கு வெதை எங்க வாங்கன? எனக்கும் கொஞ்சம் குடு."

நெடுஞ்செழியன் மச்சானைத் தேடினார். அவன் தண்ணீர் டேங்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவருக்கு விளங்கிவிட்டது. விழாவுக்கென்று வாடகைக்கு எடுத்திருந்த மைக்கைப் பிடித்தார்.

"இதுல என்னுது ஏழுதாங்க. மத்ததெல்லாம் என் மச்சான் நூல்ல கட்டனது."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் எப்போதும் தன்னடக்கமானவர் என்று வந்தவாசிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நெடுஞ்செழியன் முடிச்சைக் காட்டலாம் என்று ஒரு காம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முடிச்சு அகப்படவில்லை. அத்தையின் முகம் வாடிவிட்டது.

"குடுக்க மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லு. ஏன் இத்தினி பேருக்கு முன்னால பொய் சொல்லிகினு கீற?"

வாழ்நாளில் அவரை யாரும் பொய்யர் என்று சொன்னதில்லை. எல்லாப் பழங்களையும் காம்பு செடியிலேயே நிற்கப் பறித்து இலையில் பரப்பினார். ருசி பார்த்தே தம்முடைய ஏழு பழங்களையும் பிரித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். பதினோராவது பழத்தைத் தின்றுவிட்டு இது என்னுடையது என்றார். பதினாலாவதைத் தின்றதும் பதினொன்று இல்லை, இதுதான் என்றார். சந்தேகம் தீரக் கனிமொழிக்கு ஒரு துண்டு கொடுத்தார். அவள் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்பத்தொரு பேரும் தின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பழத்துக்கும் கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். வந்தவாசி வேன் ஒரு பக்கம், தேவிகாபுரத்துக்காரர்கள் ஒரு பக்கம் என்று கட்சி பிரிந்தது. பன்னிரண்டரை மணிக்கு இலை காலியாக இருந்தது. ஒன்பது பழங்கள் அவருடையவை என்று முடிவாகியிருந்தது. ஏழுதான் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். இருக்கட்டும் மாமா, இரண்டு கூட இருக்கட்டும் என்று சமாதானம் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை.

காசியம்மாள் போகும்போது யாரையும் கேட்காமல் கத்தரி வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நெடுஞ்செழியன் அதை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சுமந்துபோய், ஜன்னலோர சீட்டில் அவள் காலடியில் வைத்தார். அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

வைகாசியில் அவளே போன் செய்தாள். செடியில் கத்தரிக்காய்தான் வருகிறது, தக்காளி இன்னும் ஒன்றுகூடக் காணோம் என்றாள். கத்தரிச் செடியில் கத்தரிக்காய்தான் வரும் என்று மெதுவாகச் சொன்னார். சரி போகட்டும், காய் நல்ல பிஞ்சாக இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கனிமொழியைக் கூட்டிக்கொண்டு வா, குழம்பு வைக்கிறேன் என்றாள்.

போனார்கள். குழம்பு நன்றாக இருந்தது. நெடுஞ்செழியன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.