கண்டோன், கண்டோல்

நாட்டின் தலைநகரில், மத்திய அரசு அலுவலகமொன்றில் முப்பது வருடமாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர் ரங்கராஜன். அவர் எழுதினால் திருத்த வேலையில்லை என்று பெயர். விடுப்பையும் தாமதத்தையும் மன்னித்து அனுப்பும் கடிதங்கள்தான் அதிகம். ‘கண்டோன்’ என்ற ஆங்கிலச் சொல் அவர் பேனாவிலிருந்து தானாகவே இறங்கும்.

அலுவலக டிரைவர் பூவராகவன் மாரடைப்பில் இறந்தபோது, குடும்பத்துக்கு இரங்கல் கடிதத்தையும் அவரே எழுதினார். பத்து நாள் கழித்து, பிளஸ் டூ படிக்கும் பூவராகவனின் மகள் கவிப்ரியா அதை எடுத்துக்கொண்டு வந்து அவர் மேஜை முன்னால் நின்றாள்.

“அங்கிள், அப்பா ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?”

“யாரும்மா சொன்னா?”

அவள் போனை நீட்டினாள். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் பார்த்து வைத்திருந்தாள். ‘கண்டோல்’ என்றால் துக்கத்தில் பங்குகொள்வது. ‘கண்டோன்’ என்றால் குற்றத்தைப் பொறுத்துக்கொள்வது. கடிதத்தில் இருந்தது இரண்டாவது. பூவராகவன் செத்ததை அலுவலகம் மன்னித்திருந்தது.

பக்கத்து மேஜைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கம்ப்யூட்டர் தானா மாத்திடுத்தும்மா,” என்றார் ரங்கராஜன்.

“அச்சா, சரி,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை, திருத்திய கடிதத்தோடு சரோஜினி நகரில் அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸுக்குப் போனார். பூவராகவனின் படத்துக்குக் கீழே பழைய கடிதம் லேமினேட் செய்து மாட்டியிருந்தது.

“வாங்க சார், உக்காருங்க,” என்றாள் மனைவி பாப்பம்மாள். “இவளைக் கேட்டா அப்புறம் சொல்றேங்குறா. என்ன எழுதியிருக்குன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் வாயைத் திறப்பதற்குள், கதவோரம் நின்ற கவிப்ரியா வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் எழுந்து, கடிதத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாததைத் தமிழில் சொன்னார்: “பூவராகவன் போனதுல எங்க எல்லாருக்கும் ரொம்ப வருத்தம். நல்ல மனுஷர். உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்.”

பாப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

அவருக்குத் தலை நிமிரவில்லை. மாடிப்படி வரை வந்த கவிப்ரியாவிடம், “கம்ப்யூட்டர் இல்லம்மா. நான்தான் தப்பா எழுதினேன். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்,” என்றார்.

“தெரியும் அங்கிள். கடிதத்துல மூணு இடத்துலயும் அதே வார்த்தைதான் இருந்துச்சு.”

புதுக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். “அம்மா வெளியில போறப்ப இதையும் லேமினேட் பண்ணி மாத்திடறேன்.”

கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கினார் ரங்கராஜன்.