டின் வைனும் அம்மாவின் மூக்கும்

வேலை முடிந்து தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியதும் அம்மா சொல்லும் முதல் வார்த்தை "ஊது" என்பதுதான். சாப்பிட்டாயா, களைப்பாக இருக்கிறாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அப்பாவுக்காக ஆரம்பித்த பழக்கம் அது. சாயங்காலம் அவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, முகத்துக்கு நேராக நின்று, "வாய ஊதுங்க" என்பாள். அவர் ஊதுவார். அன்றைக்கு அந்த வீட்டில் சோறு இறங்குமா இல்லையா என்பது அந்த மூச்சில் இருந்தது. அப்பா போன பிறகு அண்ணன் ஊதினான். அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு, நான். பொம்பளைப் பிள்ளையிடம் இது என்ன கூத்து என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அம்மா கண்டுகொள்ளவில்லை.

அப்பா கல்யாணம் ஆகும்வரை கசிப்பை, அந்தக் கள்ளச் சாராயத்தை, கையால் தொட்டதில்லையாம். ஒரு சடங்கு வீட்டில் யாரோ வற்புறுத்தி ஒரு மடக்கு கொடுத்திருக்கிறார்கள். "அன்னைக்கு அவருக்குப் புடிச்சுப்போச்சு" என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. பேய் பிடித்தது, காய்ச்சல் பிடித்தது என்கிற மாதிரியே அதையும் சொல்வாள். கடைசியில் ஒரு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர்கள், தேயிலைக்கு நடுவே ஓடும் தண்ணிக் கானில் அவர் உயிரில்லாமல் கிடப்பதைப் பார்த்தார்கள்.

அப்பாவின் நெற்றி எனக்கு. அவருடைய முன்கோபமும் எனக்கு. அவரைப் போலவே புளிப்பென்றால் எனக்கும் உயிர். இன்னும் என்னென்ன அவரிடமிருந்து எனக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று பயம். அதனால் ஒரு சொட்டுகூட நாக்கில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஹாலிஎல ஊருக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவை விடுதியாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சாப்பாட்டு அறைக்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால், எது உடைந்தாலும் நான் உடைத்ததாக அர்த்தம். குடிவகை இருக்கும் ஃபிரிட்ஜின் சாவியும் என்னிடம்தான். போத்தலைத் திறந்து ஊற்றும்போது மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். வெள்ளைக்காரர்கள் அதைப் பெரிய மரியாதை என்று நினைத்தார்கள்.

விருந்தாளிகள் பகல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு மலை உச்சிக்கு நடப்பார்கள். கூடவே வைன் போத்தலும் போகும். குடித்துவிட்டு அதைத் தேயிலைக்குள் வீசிவிட்டு வருகிற புண்ணியவான்களும் உண்டு. கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவரின் கால் கிழிந்த பிறகு, இனி மலைக்குப் போத்தல் போகாது, டின் வைன்தான் என்று மேனேஜர் ஐயா முடிவு செய்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாமலே காரியத்தை நடத்திவிடுவார். கொழும்பிலிருந்து மாதிரிக்கு நான்கு வகை வந்தன. அதில் ஒன்றை எடுக்க வேண்டும்.

"நீங்கள்தான் ருசி பாத்துச் சொல்லோணும்" என்றார் என்னிடம். "விருந்தாளியள் உங்களிட்டத்தானே கேப்பினம்."

"நான் குடிக்கிறதில்லைங்க ஐயா."

"ஆர் குடிக்கச் சொன்னது? வாயில வைச்சுப் பாத்துத் துப்புங்கோ. தேயிலை ருசி பாக்கிறவை அப்பிடித்தானே செய்யினம்."

வேலையை இன்னும் நிரந்தரமாக்கவில்லை. முடியாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

பகல் சாப்பாட்டு வேலை ஓய்ந்ததும் மேசையில் நான்கு கிளாஸ் வைத்தார்கள். சின்னச் சின்ன டின்கள். குழந்தைகள் குடிக்கிற சோடா என்றுதான் தோன்றும். சமையற்கார அண்ணன் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். "துப்புறதுன்னா என் கிளாஸ்ல துப்பு தங்கச்சி, வீணாக்காத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டின்னைத் திறக்கிற சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது.

முதலாவது சிவப்பு. ஆறிப்போன தேயிலைச் சாயத்தண்ணியை இரும்புச் சட்டியில் வைத்திருந்து குடித்தது போல இருந்தது. துப்பினேன். இரண்டாவது ரோஸ் நிறம், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காய்ச்சல் மருந்துப் பாணியேதான். அதையும் துப்பினேன். மூன்றாவது வெள்ளை. சீனி போட மறந்த தேசிக்காய்த் தண்ணி. நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது. இவ்வளவுதானா இது என்று எனக்கு நிம்மதி வந்துவிட்டது. இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

நான்காவதும் வெள்ளைதான். வாயில் வைத்ததும் கொடித்தோடைப் பழத்தின் வாசம் எழுந்தது. பின்னாலேயே ஒரு புளிப்பு, பல் கூசாத, எச்சில் ஊற வைக்கிற புளிப்பு. துப்ப வேண்டும் என்று நினைத்துக் குனிந்தேன். அதற்குள் தொண்டை என்னைக் கேட்காமலே விழுங்கிவிட்டது. நெஞ்சுக்குள் இளஞ்சூடு இறங்கியது. பிடித்துப்போச்சு. அந்த வார்த்தை எனக்குள் அம்மாவின் குரலிலேயே கேட்டது. கிளாஸைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டேன்.

"எது நல்லது?" என்றார் மேனேஜர் ஐயா.

"மூணாவதுங்க."

"அப்ப நாலாவது?"

"அது சரியில்லைங்க ஐயா."

"அதுக்கு உங்கட முகம் வேற மாதிரி இருந்துது, பிள்ளை" என்றார்.

நான் கிளாஸ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். அந்த நாலாவது டின் ஃபிரிட்ஜில் அடுக்கி வைக்கப்பட்டால், சாவி என் இடுப்பில் இருக்கும். தினமும் நானே திறப்பேன், நானே மூடுவேன். என்னால் அதைத் தாங்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒரு துண்டு இஞ்சியை மென்றேன். அது போதாதென்று ரோட்டோரத்துக் கொய்யா இலையையும் பறித்து வாயில் போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைத் திறந்தார். என் வாய் நாறித்தான் திறக்கிறார் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அப்பாவும் இப்படித்தான் இலையை மென்றுகொண்டு வந்திருப்பாரோ என்று நினைத்ததும் மெல்லுவதை நிறுத்தினேன்.

வாசலில் அம்மா நின்றாள். "ஊது."

ஊதினேன். அம்மா கொஞ்சம் தாமதித்தாள். பிறகு, "போ, கை கால் கழுவிட்டு வா" என்றாள்.

இஞ்சி காப்பாற்றிவிட்டது என்று நினைத்துத் தண்ணிப் பீலியில் போய் முகத்தைக் கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே ரொட்டி கருகுகிற வாசம் பீலிவரைக்கும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

"அம்மா, ரொட்டி கருகுது. ஒனக்கு வாசம் வரலியா?"

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாகத் தட்டை இறக்கினாள். "அந்தக் கொரோனா காச்சலுக்குப் பொறகு எனக்கு ஒரு வாசமும் தெரியிறதில்ல. பூவும் ஒன்னுதான், பொகையும் ஒன்னுதான்."

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் தெரியாத மூக்குக்கு முன்னால்தான் இத்தனை காலம் பயந்து பயந்து ஊதியிருக்கிறேன். இனி நான் எவ்வளவு குடித்துவிட்டு வந்தாலும் இந்த வாசலில் தடுக்க ஆளில்லை. அன்று நடந்த எல்லாவற்றையும்விட அதுதான் என்னை உலுக்கியது.

"அம்மா, இன்னைக்கு வைன் ருசி பாக்கச் சொன்னாங்க. துப்பத்தான் நெனச்சேன். ஒரு மடக்கு உள்ள போயிருச்சு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

அம்மா ரொட்டியின் கருகலைச் சுரண்டிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"வாசம் தெரியாதுன்னியே?"

"ஊதுறப்ப கண்ண மூடுன. நீ என்னைக்கும் மூடுனதில்ல. உங்கப்பாதான் மூடுவாரு."

"அப்ப ஏன் ஒன்னும் கேக்காம உள்ள விட்ட?"

"சொல்லுறியான்னு பாத்தேன். அவரு ஒருநாளும் சொன்னதில்ல."

சுரண்டிய ரொட்டியை என் தட்டில் வைத்தாள்.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. நாலாவது டின். மேனேஜர் ஐயா என் வார்த்தையை விட்டுவிட்டு என் முகத்தை நம்பியிருக்கிறார். நானே அடுக்கி, நானே பூட்டினேன். எது நல்லது என்று விருந்தாளிகள் கேட்டால் இது நல்லது என்கிறேன். அது உண்மைதான்.

இன்றைக்கும் செருப்பைக் கழற்றியதும் அம்மா "ஊது" என்கிறாள். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஊதுகிறேன். அம்மா என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் பயமாகத்தான் இருக்கிறது.