பூக்காசும் பேப்பர் காசும்

எனக்குக் கோபம் வந்தால் கணக்கு நன்றாக வரும். பள்ளிக்கூடப் பரீட்சையில் நாற்பது மார்க்கைத் தாண்டாதவள், அண்ணனோடு சண்டை என்று வந்துவிட்டால் பைசா பிசகாமல் மனக்கணக்குப் போடுவேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் முழுக்க அப்படித்தான் போட்டேன். எனக்குப் பதினைந்து வயது, அண்ணனுக்குப் பதினேழு.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். எங்கள் இரண்டு பேருக்கும் டைப்ரைட்டிங் படிக்க ஆசை. அதில் லோயர் பரீட்சை பாஸ் செய்தால் ஏதாவது ஆபீசில் ஒட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இன்ஸ்டிடியூட்டில் மாதம் பத்து ரூபாய் பீஸ். அப்பாவால் ஒருவருக்குத்தான் கட்ட முடியும். அண்ணன் முதலில் படிக்கட்டும், நீ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த 'அப்புறம்' வருவதற்குள் என்னைக் கட்டிக்கொடுத்து விடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? மூன்று நாள் யாரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. பாத்திரங்களை மட்டும் நன்றாகப் பேசவிட்டேன்.

அப்பா சத்தம் தாங்காமல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேரும் ஏற்கெனவே பகுதிநேர வேலை பார்க்கிறீர்கள். இந்த ஒரு மாதக் காசை நோட்டில் எழுதுங்கள். யார் வீட்டுக்குக் கூடக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்குப் பீஸ். கணக்கு என்றால் கணக்குதான், அதில் மகன் மகள் கிடையாது என்றார். எனக்கு அப்பாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் காலையில் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வண்டியூர் வரை பேப்பர் போடுவான். மாதம் முப்பது ரூபாய். நான் சாயங்காலம் மல்லிகை கட்டினேன். பூக்கடைக்காரர் உதிரிப் பூவும் வாழைநாரும் வீட்டுக்கே அனுப்புவார். கட்டிக் கொடுத்தால் முழத்துக்கு நாலு பைசா. பங்குனி மாதம், வரிசையாக முகூர்த்தம். ஒரு நாள்கூடப் பூ வராமல் இல்லை.

முதல் வாரத்திலேயே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கட்டிய சரத்தை என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து, இருபத்தெட்டு முழம், ஒரு ரூபாய் பன்னிரண்டு பைசா என்று தினமும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். வாரக் கடைசியில் காசு வாங்கப் போனால் குறைகிறது. பூக்கடைக்காரர் பனைமரம் மாதிரி ஆள். அவர் கைக்கு அதே சரம் இருபத்து நாலு முழம்தான். நான் சண்டைக்குப் போனேன். காசு கொடுக்கிற கைதான் அளக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் இன்னும் நாலு விரற்கடை கட்டையான கை இருந்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியிருக்கும், அன்றைக்குக் காளி ஆடியிருப்பேன். பழைய எண்களை எல்லாம் அடித்துவிட்டு அவர் கைக்கணக்கில் எழுதினேன்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நோட்டையும் விரித்தார். அண்ணன் முப்பது ரூபாய். நான் இருபத்தெட்டு ரூபாய் எண்பது பைசா. ஒரு ரூபாய் இருபது பைசாவில் தோற்றிருந்தேன். அண்ணன் அதோடு விடவில்லை. அவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேர வேலை, எனக்கு மூன்று மணி நேரம். மணிக்கு அவனுக்கு ஐம்பது பைசா, எனக்கு முப்பத்திரண்டு பைசாதான் என்று பீற்றிக்கொண்டான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதனால் கணக்கு வந்தது. அண்ணன் தாமதமாகத் திரும்பிய நாளெல்லாம் அப்பா சைக்கிள் இல்லாமல் பஸ்ஸில் கடைக்குப் போனார். எட்டு நாள், தினம் நாலணா, இரண்டு ரூபாய். பஞ்சர் இரண்டு தடவை, ஒரு ரூபாய். அதை யார் கொடுத்தது? அப்பா. கழியுங்கள் என்றேன். அப்பா என்னைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். பிறகு கழித்தார். அண்ணனுக்கு இருபத்தேழு. நான் ஒரு ரூபாய் எண்பது பைசா முன்னால்!

அண்ணன் முகம் செத்துப்போனது. என் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டான்.

"அம்மா கட்டுன பூவெல்லாம் யாரு கணக்குல இருக்கு?"

உலை கொதிக்கிற வரை, பால்காரர் வருகிற வரை என்று அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கொஞ்சம் கட்டுவாள், எழுந்து போவாள், மறுபடி வருவாள். எம்புட்டு இருக்கும், மூன்று முழமோ நாலு முழமோ என்றேன். அப்பா விடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் தனித்தனிச் சரமாகக் கட்டவேண்டும் என்றார். கட்டினோம். பூக்கடைக்காரர் தன் நீளக் கையாலேயே இரண்டையும் அளந்தார். என்னுடையது பதினைந்து முழம். அம்மாவுடையது ஒன்பது.

மறுநாள் அதை முப்பதால் பெருக்கினோம். எனக்குப் பதினெட்டு ரூபாய். மணிக்கு வெறும் இருபது பைசா. அண்ணனை விட ஒன்பது ரூபாய் கீழே. அழுகை முட்டியது. ஆனாலும் நோட்டை வாங்கி, என் தொகையை அடித்து, பதினெட்டு என்று என் கையாலேயே எழுதினேன். அதற்குக் கீழே 'அம்மா: பத்து ரூபாய் எண்பது பைசா' என்று எழுதினேன். தோற்றதிலும் எனக்கு ஒரு பெருமைதான். எங்கள் வீட்டு நோட்டில் அம்மாவுக்கு நேராக வரவு என்று ஒரு தொகை ஏறியது அதுதான் முதல் தடவை, அதை எழுதியது நான்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன எழுதியிருக்கிறாய், படி என்றாள். படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள். அப்புறம் அப்பாவிடம் கையை நீட்டினாள்.

"அம்புட்டும் என் சம்பளம்தான? குடுங்க."

வீட்டுச் செலவுக்குத்தானே அதுவும் போனது, இப்போது கேட்டால் எப்படி என்று அப்பா இழுத்தார். கணக்கு என்றால் கணக்குதான் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள் அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. உங்கள் பத்து ரூபாயை ஜெயித்தவனுக்குக் கட்டுங்கள், என் காசை யாருக்குக் கட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றாள். அப்பா சட்டைப் பையைத் தடவினார். போதவில்லை. அலமாரியில் பால்காரருக்கு எடுத்து வைத்திருந்ததையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார். பால்காரருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னதையும் மறைக்கக்கூடாது. அண்ணன் என்னைப் பார்த்து, சரி வா, சேர்ந்தே போவோம் என்றான்.

சாயங்காலம் அண்ணனுக்கான பீஸை அப்பாவிடம் வாங்கிக்கொண்டு அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். மாடியில் இருபது மெஷின்கள் ஒரே நேரத்தில் தடதடத்தன. மாஸ்டர் ரிஜிஸ்டரைத் திறந்து அண்ணன் பெயரை எழுதினார். பீஸ் கட்டுபவர், தொழில் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், ஜவுளிக்கடைக் கணக்கர். அடுத்த வரியில் என் பெயரை எழுதிவிட்டு, இதற்கும் அப்பா பெயர்தானே என்று சொல்லிக்கொண்டே பேனாவை நகர்த்தினார்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை மேஜைமேல் வைத்தாள்.

"இவளுக்கு நாந்தேன் கட்டுறேன். எம்பேரை எழுதுங்க. தொழில், பூக்கட்டுறதுன்னு போடுங்க."