குருசாமி மாமாவின் உப்புக் கேன்

குருசாமி மாமா இன்று காலை இறந்துவிட்டார்.

எங்கள் ராஜபாளையம் பள்ளியின் வேன் டிரைவர். செட்டியார்பட்டிக்காரர். நெஞ்சுவலி என்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்... போய்ச் சேரவில்லை.

இது பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான ஈகோ கிளப்பின் பேஜ். இந்த மாதம் பதிவு போடுவது என் முறை. ஆனால் ராத்திரியில் போனைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். போர்வைக்குள் அம்மாவின் போனை வைத்து எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் வெளிச்சத்தைக் கையால் மூடிக்கொள்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையிலிருந்து எல்லாரும் மாமா போட்டோவைப் போட்டு 'நல்ல டிரைவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல டிரைவர்தான். ஆனால் கடற்கரையில் அவரைப் பார்த்தது எங்கள் கிளப் பிள்ளைகள் மட்டும்தான்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைப் பூங்கா. கடல் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். அதற்குள் நட்சத்திர மீன், நண்டு, கடல் அட்டை எல்லாம் இருக்கும். அவற்றைத் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது, பிளாஸ்டிக்கையும் அறுந்த வலைத் துண்டுகளையும் பொறுக்குவது... இதுதான் எங்கள் வேலை.

என்னை அனுப்ப அப்பாவுக்கு மனசே இல்லை. சித்தப்பா பிளவக்கல் அணையில் முங்கிப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் என்றாலே பயம். எனக்கும்தான்.

"ஏலே குருசாமி, நீ போறதாலதான் அனுப்புதேன். அவ தண்ணில கால வச்சா உன்னத்தான் கேப்பேன்."

"வைக்க மாட்டாய்யா. நான் கூடவே நிக்கேன்."

நின்றார். வேறு டிரைவர் என்றால் சீட்டைச் சாய்த்துத் தூங்கியிருப்பார். மாமா பேண்டைச் சுருட்டிக்கொண்டு பாறை பாறையாக என் பின்னாலேயே வந்தார். அப்படித்தான் அவரும் கடலைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதல் தடவை போனபோது காய்ந்த பாறையில் ஒரு நட்சத்திர மீன் கிடந்தது. மாமாவுக்குத் தாங்கவில்லை. வேனுக்கு ஓடிப்போய் எங்கள் தண்ணீர் கேனை எடுத்து வந்தார். ராஜபாளையத்துக்காரர்கள் எங்கே போனாலும் நம்ம ஊர் மலைத்தண்ணீரைக் கையோடு கொண்டு போவோமே... அதை அப்படியே அதன் மேல் ஊற்றினார்.

"குடி... இந்த மாதிரித் தண்ணி உனக்கு யாரு தருவா."

பூங்காவில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா கத்திக்கொண்டே வந்தார். "அய்யோ அண்ணாச்சி! கொல்லப் பாக்கியளா? நல்ல தண்ணி பட்டா அது தாங்காது!"

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே... "எங்கூர்த் தண்ணி பட்டு இதுவரைக்கும் ஒரு உசுரும் போனதில்லையே தாயி!"

அக்கா அதன் மேல் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றி, மெதுவாகக் குட்டைக்குள் விட்டார். அது அசையும்வரை மாமா சாப்பிடவே வரவில்லை. பிறகு "அசையுது ஏட்டி, அசையுது!" என்று ஒரே சத்தம்.

அடுத்த தடவை வேனில் இரண்டு கேன்கள். புதியது நீலம். சிவப்பு பெயிண்டில் 'உப்பு' என்று பெரிதாக எழுதியிருந்தார். கடல் தண்ணீரை நிரப்பி, கரையில் காய்ந்து கிடப்பவற்றுக்கு ஊற்ற.

திரும்பி வரும்போது மறந்துபோய் அதிலிருந்து ஒரு மடக்குக் குடித்ததும் அவரேதான். ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, "இதுக்குள்ளயா இதுக எல்லாம் சிரிச்சுக்கிட்டுத் திரியுது!" என்றார். எங்கள் சிரிப்பில் வேனே அதிர்ந்தது.

சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் வளர வளரப் பெரிய சங்கு தேடும், நாம் பொறுக்கிக்கொண்டு வந்தால் அவற்றுக்கு வீடு இல்லை என்று ஸ்டெல்லா அக்கா ஒருநாள் சொன்னார். அதற்கு அடுத்த பயணத்தில் வேன் டேஷ்போர்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் இருந்த மாமாவின் சங்கைக் காணோம். குட்டையோரம் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்ப்பார். யாரும் குடிவரவில்லை. "வாடகை கூடன்னு நெனைக்கோ என்னமோ..."

அன்றிலிருந்து ஏறும்போது வேன் வாசலில் செக்கிங். "எவ பையில வீடு இருக்கு? எடு வெளிய."

கடைசியாகப் போனபோது ஒரு குட்டையில் வலைத் துண்டுக்குள் நண்டு சிக்கியிருந்தது. எனக்குத் தண்ணீருக்குள் கை விடப் பயம். மாமாவைப் பார்த்தேன்.

"உங்கப்பன் கால வைக்கக் கூடாதுன்னுதான சொன்னான். கையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

முழங்கை வரைக்கும் விட்டேன். என் சட்டைக் காலரை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். வலையை அறுத்து எடுத்ததும் நண்டு பக்கவாட்டில் ஓடியது... அப்படி ஒரு சந்தோஷம்.

இதை அப்பாவும் படிப்பார். பயமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி பயணம் இருக்கிறது. துக்க வீட்டுக்குக் கிளம்பும்போதே அப்பா சொல்லிவிட்டார். "இனி யார நம்பி உன்ன கடலுக்கு அனுப்ப? போதும், விட்ரு."

வேன் மாமா வீட்டு வாசலில் நின்றது. பின் சீட்டுக்கு அடியில் நீலக் கேன். மாமாவின் மனைவியிடம், அத்தையிடம், எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எடுத்துக்கோ தாயி. இத அவிய யாரையும் தொட விட மாட்டாவ" என்றார் அத்தை.

அப்பா பைக் பக்கத்தில் நின்றார். திரும்ப வைக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அந்த 'உப்பு' எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேனை வாங்கி, டேங்க் மேல் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டார்.

"எம்புட்டுப் பிடிக்கும் இது?"

"அஞ்சு லிட்டர்ப்பா."

"நெறஞ்சா நீ தூக்க மாட்ட. நான்தான் வந்து தூக்கணும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

கேன் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது மாமா. உங்கள் சங்குக்கு யாராவது குடிவந்தால் சொல்கிறேன்.

அப்பா இருமுகிறார்... போயிட்டு வாங்க மாமா.