செத்தவீட்டில் சொன்ன வருத்தம்

சண்முகநாதனுக்குப் புரஸ்டேட் புற்றுநோய் என்பது, வைத்தியர்களை விட்டால், இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர், மற்றது மனைவி இராஜேஸ்வரி. கனடாவில், மார்க்கம் நகரத்தில் ஒரே தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் உழைத்தவர், கோயில் செயலாளர், ஊர்ப்பட்ட கலியாணங்களுக்கு முன்வரிசைக்காரர். "ஆருக்கும் மூச்சு விடாதை. சனம் என்னை இப்பவே பாடையிலை ஏத்திப்போடும்" என்று மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தார். நம் சனத்துக்கு வீடு வாங்கிய விலையைச் சொல்ல வாய் கூசாது. உடம்பில் வந்த வருத்தத்தைச் சொல்லத்தான் நாக்கு எழும்பாது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவருக்கு லுற்றீசியம் ஏற்றினார்கள். அணு உலைக்குள் நியூத்திரன் துகள்களால் தாக்கிக் கதிர்வீச்சு உண்டாக்கிய மருந்து அது. இரத்தத்தோடு போய், புற்று இருக்கும் இடம் தேடி ஒட்டிக்கொண்டு உள்ளிருந்தே சுடும். ஒரு கிழமைக்கு அவர் உடம்பிலிருந்தும் கொஞ்சம் கதிர் வெளியே வரும், எல்லோரிடமிருந்தும் இரண்டு மீற்றர் தள்ளி நில்லுங்கள், கர்ப்பிணிகள் பக்கம் போகவே வேண்டாம் என்றாள் தாதி.

வெள்ளிக்கிழமை அண்ணர் தில்லையம்பலம் மாரடைப்பில் போய்விட்டார். ஆண் பிள்ளை இல்லாதவர். கொள்ளி தம்பிதான் வைக்க வேண்டும். அண்ணரின் ஒரே மகள் துர்க்கா ஏழு மாதக் கர்ப்பிணி. சண்முகநாதன் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. தாதிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டார். போகலாம், ஆனால் தூரம் முக்கியம் என்றாள்.

"துர்க்காவுக்கு மட்டுமாவது சொல்லுங்கோ" என்று இராஜேஸ்வரி கெஞ்சினாள்.

"அவளே தேப்பனைக் குடுத்திட்டு நிக்கிறாள். நான் மூலையிலை நிண்டு சமாளிக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை, உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் அவர் சுவரோடு ஒட்டி நின்றார். கை கொடுக்க வந்தவர்களைத் தூரத்திலேயே கும்பிட்டு அனுப்பினார். அண்ணன் தம்பிக்குள் ஏதோ புகைச்சலாம் என்ற கதை, தேத்தண்ணி ஆறுமுன்பே மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

அப்போதுதான் துர்க்கா அவரைக் கண்டாள். "சித்தப்பா!" என்று குழறி அழுதபடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள்.

"கிட்ட வராதை!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. துர்க்கா நின்ற இடத்திலேயே நின்றாள். "அப்பாவோடை கோவமெண்டால், நான் என்ன செய்தனான்?"

மானமும் மரியாதையும் எட்டு மாதம் காத்த இரகசியமும் அந்தக் கேள்விக்கு முன்னால் தூசாகிப் போயின.

"ஒருத்தரோடையும் கோவமில்லை, பிள்ளை. எனக்குக் கான்சர். வியாழக்கிழமை ஏத்தின மருந்து இன்னும் உடம்புக்கை எரியுது. உன்ரை வயித்திலை இருக்கிறதுக்குக் கூடாது." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அத்தனை சனமும் பார்க்க, சுவரில் சாய்ந்து அழுதார். துர்க்கா வயிற்றைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்து ஒரு கதிரையில் இருந்தாள். அவரைப் பார்த்தபடியே அழுதாள்.

வரிசையில் அடுத்ததாக நின்றவர் கோயில் தலைவர் பொன்னம்பலம். பதினைந்து வருடமாகச் செயலாளரோடு ஒரே மேசையில் இருந்து வருபவர். அவர் கையை நீட்டவில்லை. தள்ளியே நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உமக்கு இது எத்தினையாவது ஊசி, தம்பி? எனக்கு நாலு முடிஞ்சுது."