மக்காச்சோள பன்னும் ஒரு சிட்டிகை மைதாவும்

போன வாரம் போடியிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு ஒரு பார்சல். கண்டக்டர் அதை இரண்டு விரலால் பிடித்து, ஏதோ செத்த எலியைக் கொடுப்பது போலக் கொடுத்தார். மஞ்சள் பை. உள்ளே நாலு படி மக்காச்சோள மாவு. மேலே ஒரு துண்டுச் சீட்டு.

'பேரனுக்கு ஞானஸ்நானம். முப்பது பன் வேணும். சம்பந்தியம்மாவும் வர்றாக. டம்ளருக்கு மைதா தூவாதே.'

கையெழுத்து இல்லை. எதற்கு? டம்ளருக்கு மைதா தூவாதே என்று எனக்கு எழுதக்கூடிய ஆள் இந்த ஜில்லாவில் ஒருவர்தான். போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஞானம் அக்கா.

அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருக்கிறது. ஒரு பேதியும் இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்... நான் காத்திருக்கிறேன்.

அல்லிநகரத்துக்கு வருவதற்கு முன்னால் நான் போடியில் இருந்தேன். ஏலக்காய் கோடௌனில் மூட்டை தைக்கிற வேலை. தங்கல், அக்கா வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை. அதற்கு முன்னால் லாரி கிளீனர். அதற்கு முன்னால் கோட்டயத்தில் ஒரு பேக்கரி. அதற்கும் முன்னால் போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவில் விறகு பிளந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு எல்லா ஊரிலும் வேலை கிடைக்கும். எந்த ஊரிலும் நாற்காலி கிடைக்காது.

அக்காவுக்குக் கோதுமை ஆகாது.

எனக்குக் கத்தரிக்காய் ஆகாது, உங்களுக்கு மாமியார் ஆகாது என்கிற மாதிரி இல்லை. அரை பிஸ்கட் தின்றால் இரண்டு நாள் படுக்கை. மதுரையில் ஒரு டாக்டர் வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு, கோதுமைக்குள் குளூட்டன் என்று ஒரு பசை இருக்கிறது, அதை உங்கள் குடல் எதிரியாகப் பார்க்கிறது என்று சொன்னாராம். அன்றிலிருந்து பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றையும் அக்கா விட்டுவிட்டார்.

விட முடியாதது ஒன்றுதான். கோயில் திருவிருந்து.

மாதத்தின் முதல் ஞாயிறு, சபையார் எல்லாரும் வரிசையாகப் போய் முழங்கால் போடுவார்கள். போதகர் ஒரு துண்டு அப்பம் தருவார். கோதுமை அப்பம். அக்கா எழுந்து போகாமல் பெஞ்சிலேயே இருந்துவிடுவார்.

இதில் என்ன என்று கேட்பீர்கள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாரோடாவது தீராத பகை இருந்தால், அல்லது சொல்ல முடியாத தப்பு ஏதாவது செய்திருந்தால், விருந்துக்குப் போகக் கூடாது. ஆக, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று நாற்பது ஜோடிக் கண்கள் பார்க்கும். அக்கா இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். முதல் ஆறு மாதம் நாத்தனாரோடு சண்டை என்றார்கள். அப்புறம் சண்டை போதவில்லை... வேறு வேறு கதைகள் வந்தன. வியாதி என்று அக்காவே சொன்னதை மட்டும் யாரும் நம்பவில்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத வயிறு ஒன்று உலகத்தில் உண்டா? அமெரிக்காக்காரனே தானமாகக் கோதுமை அனுப்புகிறான்!

அந்த நேரத்தில்தான் மகள் எஸ்தருக்குத் தேனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. இரும்புக்கடைக் குடும்பம். பையன் நல்லவன். பையனின் அம்மா கெட்டிக்காரி. பெண்ணைப் பார்த்தார், பிடித்தது. பிறகு நாலு பேரிடம் விசாரித்தார். விசாரித்துவிட்டு ஆள் மூலம் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: பெண்ணோட ஆத்தா ஏன் விருந்துக்குப் போவதில்லை? வருகிற முதல் ஞாயிறு நாங்கள் உங்கள் கோயிலுக்கே வருகிறோம்.

பேச்சு அவ்வளவுதான். அர்த்தம்? அக்கா எழுந்து போனால் கல்யாணம், உட்கார்ந்திருந்தால் இல்லை.

அக்கா என் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏப்பா, நீ பேக்கரில இருந்தவன்தான? கோதுமை இல்லாம ஒரு அப்பம் சுட முடியுமா?"

"இட்லி ஆகாதாக்கா?"

அக்கா பார்த்த பார்வையில் நானே வெந்துவிட்டேன்.

எனக்குப் பங்களா ஞாபகம் வந்தது. துரைசானி ஒருத்திக்காக அங்கே சமையல்காரர் மக்காச்சோள மாவில் சின்னச் சின்னதாக மஞ்சள் பன் சுடுவார். மஃபின் என்று பேர். சோளம் கோழிக்குத்தான் என்று நினைத்திருந்தவன், துரைசானி மிச்சம் வைத்ததைத் தின்றுவிட்டுக் கோழிகள் மேல் பொறாமைப்பட்டேன். பசியில் தின்றதால் ருசியா, ருசியாலேயே ருசியா, தெரியாது. ஆனால் அதில் கோதுமை இல்லை என்பது தெரியும்.

போதகரிடம் போனோம். நல்ல மனிதர். அப்பம் என்றால் வெந்த அப்பமாக இருந்தால் போதும், தானியம் எதுவென்று நான் சண்டை போட மாட்டேன் என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்தார்.

"மஞ்சளா இருக்குமேப்பா?"

"தனித் தட்டுல வைங்கய்யா. யாரு பாக்கப் போறாக."

"எல்லாரும்தான் பாப்பாக" என்றார் போதகர். சபையை அறிந்தவர். பிறகு என்னைப் பார்த்து, "நீ எந்தச் சபை?" என்றார்.

"சபையெல்லாம் இல்லிங்கய்யா. பேக்கரி."

சிரித்துவிட்டுச் சம்மதித்தார். தனித் தட்டு, தனிக் கத்தி. இரண்டும் என் நிபந்தனை. பெரிய டாக்டர் மாதிரி விரலை நீட்டிச் சொன்னேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சிரிப்பதற்கு உதவும்.

அடுத்து மாவு. மில்லில் கோதுமை அரைக்கிற அதே மெஷினில்தான் எல்லாம் அரைப்பார்கள். மெஷினைக் கழுவித் தர முடியுமா என்று கேட்டேன். மில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோழிக்குப் போடுற சோளத்துக்கு மெஷினக் கழுவணுமாக்கும்? உங்க கோழி என்ன, காசிக்குப் போயிட்டு வந்துருக்கா?"

மில்லே வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அக்கா வீட்டுத் திருகையில் கேழ்வரகைத் தவிர எதுவும் அரைத்ததில்லை. அதில் நானே அரைத்தேன். மக்காச்சோளம் லேசில் மாவாகிற சாதி இல்லை. இரண்டு நாள் அரைத்ததில் என் தோள்பட்டை கழன்று மாவோடு விழுந்துவிடும் போலிருந்தது. சலித்து, மறுபடி அரைத்து, மறுபடி சலித்து... அந்த மாவுக்குக் கோதுமை என்றால் என்னவென்றே தெரியாது. அவ்வளவு சுத்தம்.

முதல் தடவை சுட்டது பன் இல்லை, வைகை மணல். தொட்டால் உதிர்ந்தது. கோதுமையில் இருக்கிற அந்தப் பசைதான் இத்தனை நாள் பன்னைக் கட்டிப் பிடித்திருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. அக்காவின் எதிரி, பேக்கரிக்காரனின் நண்பன்! இரண்டாம் தடவை பாதி மாவில் கொதிக்கிற பாலை ஊற்றி ஊறவைத்தேன். களி மாதிரி ஆனது. ஆறிய பிறகு மீதி மாவு, தயிர், முட்டை, சர்க்கரை, உருக்கிய வெண்ணெய். கடைசியாக ஆப்பச் சோடா. கட்டிப் பிடித்துக்கொண்டது.

ஓவனுக்கு எங்கே போவது? அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, உள்ளே சின்ன எவர்சில்வர் டம்ளர்களில் பாதியளவு மாவு ஊற்றி வைத்து மூடி, மூடி மேல் சிரட்டைக் கங்கு. அரை மணியில் வீடு முழுக்க ஒரு வாசனை. எஸ்தர் கடையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அக்கா ஒன்றைப் பிட்டு முகர்ந்துவிட்டு, நாளைக்குக் கோயிலில்தான் முதல் வாய் என்று திரும்ப வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் இருபத்துநாலு மஞ்சள் பன் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எஸ்டேட்டில் இருந்திருந்தால் எனக்கு அன்று சம்பளம் ஏற்றியிருப்பார்கள்.

ஞாயிறு. நான் கோயில் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். தேனிக் குடும்பம் இரண்டாம் வரிசை. விருந்துக்கு அழைத்தார்கள். அக்கா எழுந்தார். நாற்பது ஜோடிக் கண்களும் எழுந்தன. போய் முழங்கால் போட்டார், தனித் தட்டிலிருந்து மஞ்சள் துண்டை வாங்கினார், வாயில் போட்டார். திரும்பி வரும்போது அக்கா யாரையும் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். எனக்கும் தூசி விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் காப்பி, பன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கா விருந்தாளிகளோடு சேர்ந்து பன் தின்றார்! ஒன்று இல்லை, மூன்று. தேனி அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. நகை, புடவை, தேதி என்று பேச்சு நல்ல வேகத்தில் போனது.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். அக்கா நெற்றியில் வேர்த்தது. வயிற்றைப் பிடித்தார். எழுந்தார். கொல்லைப்பக்கம் ஓடினார். அங்கேயிருந்து வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது என்பது மட்டும் போதும்.

தேனி அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோதுமைதான் ஆகாதுன்னாக. இதுல கோதுமையே இல்லேன்னீக. அப்ப இது வேற என்ன சீக்கு? பொண்ணுக்கும் இருக்குமோ?"

நியாயமான கேள்வி. எஸ்தர் முகம் வெளுத்துவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் மேலே பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது பேச வேண்டுமே... நான் பேசினேன். எப்போதும் நான்தான் பேசுவேன்.

"அம்மா, எங்கையால அரைச்ச மாவு. மில்லுப் பக்கம் போகல. பால் நம்ம மாட்டுப் பால். தயிரு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், சோடா. வேற ஒண்ணு கெடையாது. டம்ளருல நெய்யத் தடவி, மைதாவத் தூவி, தட்டிக் கவுத்துட்டு..."

நின்றுவிட்டேன். மைதா என்றால் கோதுமைதானே.

கோட்டயம் பேக்கரியில் இரண்டு வருஷம் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். தகரத்துக்கு நெய் தடவு, மைதா தூவு, தட்டிக் கவிழ். ஒரு நாளைக்கு நானூறு தகரம். ஒட்டினால் முதுகில் அடி. மைதா மூட்டை மேலேயே படுத்துத் தூங்கினேன். மூளை மறந்தாலும் கை மறக்குமா? மில்லைத் தள்ளிவைத்தவன், தட்டைப் பிரித்தவன், கத்தியைப் பிரித்தவன்... சனிக்கிழமை பகல் முழுக்க இருபத்துநாலு டம்ளருக்கும் ஒழுங்காக மைதா தூவியிருக்கிறேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தேனி அம்மா தட்டிலிருந்த பன்னைக் கவிழ்த்து, அடியை நகத்தால் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாக ஒட்டியது.

"இம்புட்டுத்தானா?"

"ஒரு சிட்டிகைம்மா."

"இந்தச் சிட்டிகைக்கா அந்தப் பாடு படுறாக?"

கொல்லைப்பக்கம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா கொஞ்ச நேரம் நகத்தையே பார்த்தார். பிறகு எஸ்தர் பக்கம் திரும்பி, "ஆத்தா, நீ பரோட்டா திம்பியா?" என்றார்.

"ரெண்டு செட்டு" என்றாள் எஸ்தர், அழுதுகொண்டே.

தேனி அம்மா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். கொல்லைக்குப் போனார். அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டார், முகத்தில் தண்ணீர் ஊற்றினார். நான் கதவோரம் நின்றேன். "ரெண்டு வருசமாச் சொல்லியிருக்கீக மதினி, ஒருத்தரும் நம்பல, நானும் சேத்தி" என்று அவர் சொன்னது கேட்டது. மதினி! கூடத்தில் நடக்காத சம்பந்தம் கொல்லையில் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். திட்டுவார், அறையைக் காலி பண்ணு என்பார் என்று மூட்டைகூடக் கட்டிவைத்திருந்தேன். என் மூட்டை சின்னது, கட்ட நேரமாகாது.

"ஏலே" என்றார் அக்கா, குரலே இல்லாத குரலில். "வகுத்தால போனாத்தான் எம் பேச்ச நம்புவாகன்னு தெரிஞ்சிருந்தா, ரெண்டு வருசத்துக்கு முந்தியே கோயில் வாசல்ல வச்சு ஒரு பரோட்டாவத் தின்னுருப்பேனே."

நான் சிரிக்கவில்லை. சிரித்தது அவர்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு.

யோசித்துப் பாருங்கள். ஒழுங்காகச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அக்கா எழுந்து போனார், பகை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று ஊர் சொல்லியிருக்கும். அந்த வியாதி பொய்யாகவே இருந்திருக்கும். டாக்டர் சீட்டு, அக்காவின் வாய், இரண்டு வருஷத்துக் கண்ணீர் எதற்கும் நாம் அசைவதில்லை. ஆள் நம் கண்ணெதிரே சுருண்டு விழ வேண்டும். விழுந்தால் உடனே ஓடிப்போய்த் தலையைப் பிடிப்போம். அதிலொன்றும் குறை வைக்க மாட்டோம்.

அதற்காக என் கையை யாரும் பாராட்ட வேண்டாம். மூன்று நாள் ஒரு மனுஷி பட்ட பாட்டைப் பார்த்தவன் நான்.

கல்யாணம் நடந்தது. இப்போது பேரன். நேற்று டம்ளர்களைக் கழுவிக் காயவைத்துவிட்டு, அடியில் தூவ அரிசி மாவு எடுத்துவைத்தேன். வீட்டிலிருந்த மைதா டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஞாயிறு வரைக்கும் நான் அழுதாலும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

என் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. என் கை மேல்தான் இல்லை.